லிட்டருக்குப் பதினேழு

பெட்ரோல் போடும்போது காரைப் பிடித்து உலுக்குகிற ஆளை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பைக்கைச் சாய்த்து ஆட்டுகிறவர்கள் உண்டு, அதில் அதிசயம் இல்லை. இவர் ஆட்டியது ஆளுயரத்துக்கு நிற்கிற வெள்ளைக் காரை. வெளியிலிருந்து பார்த்தால் ஜீப், உள்ளே உட்கார்ந்தால் கார், இப்போது ராசிபுரத்தில் வீதிக்கு நாலு நிற்கிறதே, அந்த ரகம். பங்க்கில் குழாய் தானாக நின்றதும் பெட்ரோல் போடுகிற பெண் மூடியைத் திருகப் போவாள். "இரு கண்ணு, இன்னும் கழுத்துக்கு வரல" என்று இவர் பின்பக்கம் போய் இடுப்பைக் கொடுத்து முட்டுவார். "அந்தப் பக்கம் நீ கொஞ்சம் அமுத்து அம்மிணி" என்று என்னையும் இழுத்துவிடுவார். முப்பத்தெட்டு வயசில், எம்.காம். படித்துவிட்டு, பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நான் ஒரு காரை அமுக்கிக்கொண்டு நிற்பேன்.

டேங்குக்குள் காற்று நிற்குமாம். அது வெளியே போனால்தான் கழுத்து வரை நிறையுமாம். இன்றைக்குக் கழுத்து வரை நிரப்பி, ஓட்டிவிட்டு, திரும்ப அதே பங்க்கில், அதே குழாயில், வண்டி அதே திசையைப் பார்த்து நிற்க, கழுத்து வரை நிரப்பினால்தான் லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற நிஜம் தெரியும். வண்டியின் திரையில் வருகிற எண்ணை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "அது நம்ம மனசு நோகக் கூடாதுன்னு கூட்டிச் சொல்லுமுங்க" என்பார்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். இரண்டு லாரி வைத்து ஓட்டி, இரண்டையும் விற்றுவிட்டு, அறுபது வயசில் வாங்கிய முதல் கார் அது. மனைவி இல்லை. மகள் கோயமுத்தூரில். இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார். என் அம்மாவை அக்கா என்பார், ஆகவே எனக்கு மாமா. முதுகுக்குப் பின்னால் நான் அவரை மைலேஜ்காரர் என்றுதான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் விசேஷத்துக்கு வாரி விடுவார், வழியில் இளநீர்க் கடை கண்டால் எல்லாருக்கும் வாங்குவார். அவர் பிரச்சினை வேறு. கார் வாங்கும்போது லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து ஓட்டினால் பதினொன்றரை. அவர் ஷோரூமுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அந்தப் பதினேழு ரோட்டில் பார்த்ததில்லை சார், வண்டியை உருளை மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"உருளை மேலயா நாம குடியிருக்கறோம்? ரோட்டு மேலதானுங்க போறோம்" என்று எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார். "அவன் பொய் சொல்றானா, இல்ல நாப்பது வருசம் ஓட்டியும் எனக்கு ஓட்டத் தெரியலையா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகோணுமுங்க்கா."

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்த சமயம் அது. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்குப் போய் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவள், பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். போகும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கும், வரும்போது தலை சுற்றும். டாக்ஸி வைத்துக்கொள்கிற நிலைமை இல்லை. ஒரு நாள் மருந்துக் கடையில் எங்களைப் பார்த்த மாமா விவரம் கேட்டார். கேட்டவர் முகம் மலர்ந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"வாரத்துக்கு மூணு நாளு. ஒரே ரோடு, ஒரே நேரம், அதே மூணு பேரு. இதவிட ஒரு டெஸ்ட்டு எனக்கு எங்கிங்க கெடைக்கும்? நானே கூட்டிட்டுப் போறேனுங்க்கா."

பைசா வாங்க மாட்டேன் என்றார், கடைசி வரை வாங்கவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். இது சரிப்படாது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனால் காலை ஏழரைக்கு வாசலில் கார் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்?

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஆக்ஸிலேட்டரை எப்படி மிதிக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்லுவார். "பச்சக் கொழந்தையத் தட்டித் தூங்க வெக்கற மாதிரி மிதிக்கோணும் அம்மிணி." ஏசி போட மாட்டார். கண்ணாடியையும் இறக்க விட மாட்டார், காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்குமாம். சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் மூன்று பேரும் வெந்துகொண்டு போவோம். எடை எதற்கு என்று ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டார். என் கையில் இருந்த வெந்நீர் ஃபிளாஸ்க்கைப் பார்த்து, "ஏன் அம்மிணி, சேலத்துல தண்ணி கெடைக்காதா?" என்றார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுவதற்கு முன்னும் பின்னும் அம்மாவை எடை பார்ப்பார்கள். உடம்பில் சேர்ந்த நீர் எவ்வளவு இறங்கியது என்பதற்கு அதுதான் அளவு. அம்மா வெளியே வந்ததும் மனிதர் முதல் ஆளாக எழுந்து போய் நர்ஸிடம், "எவ்வளவு எறங்கியிருக்குதுங்க?" என்று கேட்பார். "ரெண்டு கிலோ நானூறுங்கய்யா" என்பாள் அவள். ஒரு தடவை என்னைப் பார்த்து, "உங்க மாமா எவ்வளவு அக்கறையா கேக்கறாரு. பெத்த பசங்களே இங்க கேக்கறதில்ல" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். வருகிற வழியில் வண்டி அவ்வளவு எடை குறைவாகச் சுமக்கிறது, அந்தக் கணக்குக்கு அவருக்கு அந்த எண் வேண்டும். அக்கறையும் இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் மனசு இல்லை.

ஆண்டகளூர் கேட்டில் பெரிய ரோட்டில் ஏறியதும் எனக்குப் பயம் ஆரம்பிக்கும். ஒவ்வொரு மேம்பாலத்தின் உச்சியிலும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். வண்டி தன் பாட்டுக்கு உருண்டு இறங்கும். லாரிக்காரர்களுக்கு இந்த வட்டாரத்தில் கைவந்த பழக்கம் அது, அவருக்கும் ரத்தத்திலேயே இருந்தது. அதைவிட மோசம், முன்னால் போகிற கண்டெய்னர் லாரியின் முதுகில் ஒட்டிக்கொள்வது. பெரிய வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம், அதன் நிழலிலேயே போனால் நம் வண்டிக்குக் காற்று தடுக்காதாம். முன்னால் கண்ணாடி முழுக்க இரும்புக் கதவு. அதில் எழுதியிருக்கிற சின்ன எழுத்துகூட எனக்குத் தெரியும். அவன் ஒரு நாய்க்கு பிரேக் அடித்தால் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதவுக்குள் இருப்போம். அம்மா பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளிப் போலாமுங்களா?"

"பயப்படாத அம்மிணி. அவன் பின்விளக்கு எரியறதுக்கு முன்னாடி எங்காலு பிரேக்குல இருக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். இந்த மனுஷன் நம்மளை ஒரு நாள் கொன்றுவிடுவார், பஸ்ஸிலேயே போகலாம் என்றேன். அம்மா காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வீங்கின பாதத்தை அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது.

"பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நிக்கறது நானு, நீயில்ல சாமி" என்றாள்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏற்காடு போய் வந்தார். திங்கட்கிழமை அதைச் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மேலிருந்து அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை இஞ்சினை அணைத்துவிட்டே இறங்கினாராம். ஒரு சொட்டுச் செலவில்லை.

"ஆனா ஒண்ணு அம்மிணி. இஞ்சின் ஓடலைன்னா பிரேக்கு ரெண்டு மூணு மிதிக்குத்தான் கேக்குது. அதுக்கப்பறம் கல்லு மாதிரி ஆயிருது. ஸ்டீயரிங்கும் திரும்பாம இழுக்குது. கைபிரேக்கப் புடிச்சே வந்து சேந்தேன்."

"அப்பறம் எதுக்குங்க அந்த வேலை?"

"பதினாறு புள்ளி ஒம்பது குடுத்துச்சு" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பதில்.

ஒரு புள்ளிதான் பாக்கி. அந்த ஒரு புள்ளி அவரைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். மலையில் இறங்கி வாங்கிய எண் செல்லாது, தட்டை ரோட்டில் வாங்க வேண்டும் என்றார். பெட்ரோல் நிறைய இருந்தால் அதுவும் எடைதானே என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். எங்களிடம் சொல்லவில்லை. பங்க்கில் காரை உலுக்குகிற வேலை நின்றுபோனது, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்படி ஒரு முட்டாள் நான்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் விழுவதால் திங்கட்கிழமை அம்மாவுக்கு ரொம்பச் சிரமமாக இருக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், படுக்க முடியாது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. அந்தத் திங்கட்கிழமை உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. வேகமாகப் போங்க மாமா என்று சொன்னேன். "போலாம், போலாம்" என்றார், அதே வேகத்தில் போனார்.

மல்லூர் தாண்டி ஒரு மேம்பாலம் ஏறும்போது வண்டி இரண்டு தடவை குலுங்கியது. உச்சிக்கு வந்ததும் இஞ்சின் சத்தம் நின்றுபோனது. வழக்கம்போல நியூட்ரல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சத்தமின்மை வேறு மாதிரி இருந்தது. மீட்டரில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முன்னால் கண்டெய்னர். அது இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தது, இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு பஸ் பக்கத்து ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. இவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மிதித்தார். மூன்றாவது மிதியில் அவர் உடம்பு முழுக்க சீட்டை விட்டு எழும்பியது. பிரேக் அமுங்கவில்லை. இரும்புக் கதவு கிட்டே கிட்டே வந்தது. "மாமா" என்றேன். கைபிரேக்கை இழுத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இடது பக்கம் மல்லுக்கட்டித் திருப்பினார். வண்டியின் இடப்பக்கம் முழுக்கத் தடுப்புக் கம்பியில் உரசிக்கொண்டே போய், பாலம் முடிகிற இடத்தில் மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அடித்தபடி ஒரு முழம் இடைவெளியில் கடந்து போனது. அந்தக் காற்றில் கார் ஆடியது.

அம்மாவின் நெற்றி முன்சீட்டில் இடித்திருந்தது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் அவளைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு முன்னால் பார்த்தேன். அவர் மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்பது" என்றார்.

"என்னதுங்க?"

"வெள்ளிக்கெழம வரும்போதே பெட்ரோலு சைபர் காட்டிருச்சு. சைபருக்கப்பறம் முப்பத்தொம்பது கிலோமீட்டரு ஓடியிருக்குது. அம்பதுக்குக் குறையாதுன்னு நெனச்சேன்."

தெரிந்தேதான் வந்திருக்கிறார். மூச்சு விட முடியாத மனுஷியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, டேங்கில் எத்தனை சொட்டு மிச்சம் என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினேன். சேலத்துக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன் நின்றது. அந்த டிரைவரும் நானும் அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் வைத்தோம். இவர் தாங்கிக்கொள்ளக் கூடவே வந்து அம்மாவின் காலைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆக்சிஜன் வைத்து, இரண்டு நாள் உள்ளேயே வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் திட்டியது என்னை.

வியாழக்கிழமை மைலேஜ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் நான் குறுக்கே நின்றுகொண்டேன். கையில் மாதுளம்பழப் பை.

"அக்காவ ஒரு தடவ பாத்துட்டுப் போயர்றேன் அம்மிணி."

"எங்கம்மா உங்க எடைக்கல்லு இல்லீங்க மாமா. இனிமே இந்தப் பக்கம் வண்டியக் கொண்டாராதீங்க."

பையைப் படியில் வைக்கலாமா என்று குனிந்தவர், வைக்காமலே எடுத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து அம்மா, "அப்படிப் பேசியிருக்க வேண்டியதில்ல சாமி" என்றாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மறுநாளிலிருந்து பஸ். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ போகும்போதுதான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கார். இடப்பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. எங்கள் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இருபது கெஜம் பின்னால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. அது எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற பஸ். ஆள் கை காட்டினால் நடு ரோட்டிலும் நிற்கும். முதல் கியர், இரண்டாம் கியர், பிரேக், திரும்ப முதல் கியர். ஒரு தடவை அநாவசியமாக பிரேக் மிதித்தால் அன்றைக்கெல்லாம் புலம்புகிற மனுஷன், சேலம் வரை காலிக் காரை அப்படி ஓட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்தினார். இறங்கவில்லை. நாலு மணி நேரம் கழித்து எங்கள் பஸ் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது.

எனக்கு மனசு உருகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயம்தான் வந்தது. இந்த மனுஷன் இப்போது எதைக் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கார் கண்ணில் படும்போதெல்லாம் பாலத்து இறக்கம் ஞாபகம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் கண்டக்டர் சொல்லிவிட்டார். "ஏனுங்க பெரியம்மா, உங்க ஆளுங்களா அது? ஒரு மாசமா பின்னாலயே வருதே?" அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த புதன்கிழமை திரும்பி வரும்போது பனமரத்துப்பட்டி பிரிவு தாண்டி அம்மா மயங்கிவிட்டாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, கை கால் இழுத்துக்கொண்டது, கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. பஸ்ஸில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கள் என்றார் ஒருவர், தண்ணீர் தெளியுங்கள் என்றார் ஒருவர். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். நான் நிமிர்வதற்குள் மாமா படியேறி உள்ளே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்னைக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் தலையை ஆட்டினேன். அம்மாவைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு இறங்கினார்.

காருக்குள் ஜில்லென்று இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்காக அப்போது போட்டது இல்லை, அவ்வளவு குளிர் ஐந்து நிமிஷத்தில் வராது. பின்சீட்டில் ஒரு தலையணை, ஒரு போர்வை. டேங்க் நிறைய இருப்பதாக முள் காட்டியது. வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரியைப் பார்த்து விட்டார். முன்னால் போன லாரிகளையெல்லாம் தூரத்திலேயே ஒதுக்கிக் கடந்தார். பாலம் இறங்கும்போது கியரில்தான் இறங்கினார். காலி ரோட்டிலும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என்னைவிட அவருக்குப் பயம் அதிகமாக இருந்தது.

கொண்டலாம்பட்டிக்கு வரும்போது என் மடியில் கிடந்த அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், அவர் பிடரியைப் பார்த்தாள். எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது.

"தம்பி" என்றாள், குரலே எழும்பாமல். "இப்ப எவ்வளவு குடுக்குது?"

அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"பாக்கலீங்க்கா" என்றார்.

அவர் எதிரிலேயே திரையில் எண் எரிந்துகொண்டிருந்தது, எட்டு புள்ளி இரண்டு. நான் அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.